மனப்பாடம் தின்ன பூதம்

புத்தகத்த மூடு தேனு. காலைல பரீட்சைன்னா அதக் காலைல பாத்துக்கலாம். சாப்பிட்டு வந்ததுலேருந்து அதே நாலு வரிய முணுமுணுமுணுன்னு சொல்லிக்கிட்டிருக்க, எனக்கே பாடமாயிருச்சு. பச்சையம்னா என்னடின்னு கேட்டா மட்டும் திருதிருன்னு முழிக்கிற. தள்ளிப் படு, அத்தைக்கும் கொஞ்சம் எடம் விடு. கதை சொல்றேன். ஆனா நீ ‘ம்’ கொட்டணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுரும், எனக்கும் தூக்கம் வருதுல்ல.

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சு. நல்ல பூதமா கெட்ட பூதமான்னு இப்பவே கேக்காத, அதுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒரு புளியமரம், அதுல அதுக்குக் குடித்தனம். பனைமர ஒசரம், பானை வயிறு. எந்நேரமும் அதுக்குப் பசி.

அந்த ஊரு எப்படிப்பட்ட ஊருன்னா, அங்க எல்லாத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. வாய்ப்பாட்டுக்குப் பாட்டு, ரசம் வைக்கப் பாட்டு, மாட்டுக்கு வயிறு ஊதுனா ஒரு பாட்டு. எல்லாரும் நெட்டுரு போட்டு வச்சிருப்பாங்க. ஆனா ஒருத்தரும் ‘ஏன்’னு கேக்கக் கூடாது. கேட்டா நாக்குல கொப்பளம் வரும்னு பயம். வாத்தியாரு குப்பாண்டி பிரம்ப வச்சுக்கிட்டு அதையும் ஒரு பாட்டாவே சொல்லிக் குடுத்திருந்தாரு.

ம் சொல்லு.

“ம்.”

அந்த ஊர்ல ராக்குன்னு ஒரு பொண்ணு. ஒன் வயசுதான் இருக்கும். அவளுக்கு எதுவும் மனப்பாடம் ஆகாது. இந்தக் காதுல வாங்குனா அந்தக் காதுல போயிரும். ஆனா வாய் மட்டும் சும்மா இருக்காது. “ஏன் சார்? எதுக்கு சார்? அப்படிப் பண்ணாட்டி என்ன சார் ஆகும்?” வாத்தியாரு அவ காதப் புடிச்சுத் திருகித் திருகி, அந்தக் காது எப்பப் பாத்தாலும் செவசெவன்னு இருக்கும். அவங்க வீடு கண்மாய்க் கரைக்குக் கீழ, பள்ளத்துல, ஊருக்கே கடைசி வீடு. ஆத்தா அப்பத்தான் ஒரு தம்பிப் பாப்பாவப் பெத்துப் படுத்திருந்தா.

அப்புறம் ஒரு நா என்னாச்சு, பிள்ளைங்க எல்லாம் கோரஸா வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. மரத்துல இருந்த பூதம் மோந்து பாத்துச்சு. சுடச்சுட, ராகமா, மென்னு பாக்காத முழுச் சொல்லு. ஆகா, பணியாரம் மாதிரி இருக்கேன்னு வாயத் தொறந்துச்சு. லபக்! ஏழாம் வாய்ப்பாடு போச்சு. லபக், லபக்! எட்டும் ஒம்போதும் போச்சு. பிள்ளைங்க வாயத் தொறக்குதுங்க, வெறுங்காத்துதான் வருது.

குப்பாண்டி வாத்தியாருக்குக் கோவம் வந்து, “நான் சொல்றேன் பாரு”ன்னு ஆரம்பிச்சாரு. லபக்! அவருதும் போச்சு. பிரம்பு மட்டும் கையில இருக்கு, எதுக்குன்னு அவருக்கே தெரியல.

“ம். அப்புறம்?”

அப்போ பூதத்துக்கு ருசி கண்டு போச்சு. அடுத்து அடுப்படிப் பக்கம் போச்சு. “புளியக் கரை, பருப்புத் தண்ணிய ஊத்து, நொரை கட்டுனதும் எறக்கு”ன்னு பொம்பளைங்க பாடிக்கிட்டே ரசம் வைக்கிறாங்களா, லபக்! ஊர்ல ஒரு வீட்ல ரசம் இல்ல. ஒருத்தி புளிய அப்படியே சோத்துல வச்சா. இன்னொருத்தி மொளகாய வேக வச்சு வச்சா, அவ புருசன் ‘உஸ்ஸு உஸ்ஸு’ன்னு தெருத்தெருவா ஓடுனான்.

ராக்கு வீட்ல மட்டும் ரசம் மணக்குது. எப்படின்னு கேளு.

“எப்படி?”

அவளுக்குத்தான் பாட்டே தெரியாதே, பூதம் என்னத்தத் திங்கும்? ஆத்தா ரசம் வைக்கறப்ப பக்கத்துல குந்திக்கிட்டு ஏன் ஏன்னு பிச்சுப் பிடுங்குனவ அவ. புளி எதுக்கு, நொரை கட்டுனதும் ஏன் எறக்கணும், தளதளன்னு கொதிச்சா வாசம் எங்க போகும், எல்லாம் அவளுக்குத் தெரியும். நாக்குல வச்சு வச்சுப் பாத்து வச்சுட்டா. ஊரே சட்டியத் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்கு வந்துருச்சு. அவளுக்குத் தலக்கனம் வந்துருச்சு. “எனக்கெல்லாம் பாட்டே வேணாம், பாட்டு முட்டாப் பயலுகளுக்கு”ன்னு வாத்தியாரு முன்னாடியே சொல்லிட்டா. அவரு பாவம், அன்னிக்கு ரசத்துக்காக வரிசைல நின்னதால சட்டிய மட்டும் நீட்டுனாரு.

சிரிக்காத. இனிமேதான் இருக்கு.

பூதம் மூணாவதா ஒண்ணத் தின்னுச்சு பாரு, அங்கதான் வந்துச்சு வினை. மழ பிடிச்சுக்கிச்சு. சோன்னு ஊத்துது, நிக்கவே இல்ல. காத்து வேற. கண்மாய் ததும்பி கரைய நக்குது. அப்படி நெறஞ்சா மடையத் தொறந்து தண்ணிய வாய்க்கால் வழியா வெளிய விடணும். அந்த மடை கண்மாய்க்கு நடுவுல, தண்ணிக்கு அடியில ஒரு குழி, அத ஒரு கல்லு மூடியிருக்கும். மடைக்காரரு சோணை முங்கிப் போயி அந்தக் கல்ல நகத்துவாரு. அதுக்கும் ஒரு பாட்டு உண்டு. அன்னிக்கும் பாடிக்கிட்டே கரைக்கு வந்தாரு மனுசன். புளியமரத்துக்குக் கீழதான வரணும்?

“லபக்.”

ஆங், லபக். பாட்டு போச்சு. சோணை கண்மாயில எறங்கி அங்க முங்குறாரு, இங்க முங்குறாரு. கலங்கல் தண்ணி, ஒண்ணும் தெரியல. கல்லு ஒரு பாயளவுதான், கண்மாயோ கடலாட்டம் கெடக்கு. கரைல ஒக்காந்து அழுதுட்டாரு. “அம்பது வருசமா பாடுன பாட்டு, வாயில இல்லையே.”

கரை மண்ணு பொதக் பொதக்குன்னு சரியுது. கரை ஒடஞ்சா மொதல்ல போறது யாரு வீடு? ராக்கு வீடு. ஆத்தாவால எந்திரிச்சு நடக்க முடியல, வழியெல்லாம் வேற இடுப்பளவு தண்ணி. பாப்பாவ மார்ல அணைச்சுக்கிட்டு கட்டில்ல ஒக்காந்திருக்கா. கரையில கசிஞ்ச தண்ணி கட்டில் காலத் தொட்டுருச்சு.

ராக்கு கரைமேல நின்னு யோசிச்சுப் பாத்தா. தண்ணி ஏன் நெறையுது, தெரியும். மடையத் தொறந்தா ஏன் வடியும், அதுவும் தெரியும். மடை எங்க இருக்கு? தெரியாது. அத யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாதுடி. யாராச்சும் சொன்னாத்தான் உண்டு. அப்பத்தான் அவளுக்குப் பயம் வந்துச்சு. பாட்டு வேணாம்னு சொன்ன வாய அவளே கிள்ளிக்கிட்டா. கிள்ளிக்கிட்டு புளியமரத்துக்கு ஓடுனா.

“ஏ பூதம், எல்லாத்தையும் தின்னியே, ஒனக்கு எல்லாம் தெரியுமா?”

பூதம் வயித்தத் தடவிக்கிச்சு. “எல்லாம் தெரியும். கேட்டுப் பாரு.”

“ஏழெட்டு எவ்வளவு?”

“அம்பத்தாறு.”

“ஏன் அம்பத்தாறு?”

பூதம் முழிச்சுது. “ஏன்னா... அம்பத்தாறுன்னா அம்பத்தாறுதான்.” தொண்டையில என்னமோ குறுக்க நின்னுச்சு. விக்! ஒரு விக்கல். வாய்ப்பாடு பூரா பொலபொலன்னு வெளிய வந்து விழுந்து, பள்ளிக்கூடத்துப் பக்கம் பறந்துச்சு. மழைக்கு அங்க ஒதுங்குன பிள்ளைங்க, “ஏழெட்டு அம்பத்தாறு”ன்னு கத்துறது இங்க கேக்குது.

ராக்கு விடல. “ரசத்த ஏன் நொரை கட்டுனதும் எறக்கணும்?”

“அது வந்து... பாட்டுல அப்படித்தான் இருக்கு.” விக்! ரசம் பறந்து அடுப்படிக்குப் போச்சு. தெருவெல்லாம் வாசம்.

இப்ப பூதம் உஷாராயிருச்சு. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிச்சு. மடைப் பாட்டு உள்ளதான் கெடக்கு. கரை சரியுது, நேரம் போகுது. இவளுக்கு அழுகையா வருது, ஆனா அழுதா வேலைக்காகாதுன்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டா. “வாயப் பொத்துனா விக்கல் நின்னுருமா பூதம்?”

பூதம் ஆமான்னு தலையாட்டுச்சு.

“ஏன் நிக்கும்?”

பூதம் பதில் சொல்லணும்னு கையை எடுத்துச்சு பாரு, விக்! வந்து விழுந்துச்சு மடைப் பாட்டு.

“என்ன பாட்டு அத்த?”

இரு, சொல்றேன்.

*பனைய வேம்பு மறைக்கணும்,*
*பாறையக் கோயில் மறைக்கணும்,*
*ரெண்டும் மறஞ்ச எடத்துல*
*மூச்சடக்கி முங்கணும்.*

சோணைக்குப் பாட்டு திரும்பி வந்துருச்சு. தெப்பத்துல ஏறுனாரு, ராக்கும் தொத்திக்கிட்டா. நடுக் கண்மாய்க்குப் போயி திரும்பிப் பாத்தா, கோயிலு இருக்கு, பின்னாடி பாறை இருக்கு, கரையில வேம்பு இருக்கு. பனைய மட்டும் காணோம். காத்துல வேரோட சாஞ்சு போச்சு. சோணை தலையில கைய வச்சுட்டாரு. “பனை இல்லையே, பாட்டு பொய்யாப் போச்சே.”

“பாட்டுல ஏன் பனை வந்துச்சு?”ன்னா ராக்கு.

“அப்படித்தான் எங்கப்பன் சொன்னாரு, அவங்கப்பன் சொன்னாரு.”

ராக்கு கண்ண மூடி யோசிச்சா. வேம்பு பனைய மறைக்கணும்னா, நம்ம அந்த ரெண்டுக்கும் நேரா நிக்கணும். கோயிலு பாறைய மறைக்கணும்னா, அந்த ரெண்டுக்கும் நேராவும் நிக்கணும். ரெண்டு கோடும் ஒண்ண ஒண்ணு வெட்டுற எடம் ஒண்ணே ஒண்ணுதான். அப்ப பனைதான் வேணும்னு இல்ல. பனை நின்ன குழியில ஒசரமா எது நின்னாலும் போதும். அங்கேருந்து கத்துனா. “ஏ பூதம், பனை சாஞ்ச குழியில வந்து நில்லு.”

“ஏன்?”னு கேட்டுச்சு பூதம்.

கேட்டியா? அதுக்கும் ஒட்டிக்கிச்சு.

“வந்து நின்னாத்தான் சொல்லுவேன்.”

பூதத்துக்குத் தெரிஞ்சுக்காம இருக்க முடியல. தொம் தொம்னு ஓடி வந்து குழியில நின்னுச்சு. தெப்பம் தள்ளாடித் தள்ளாடிப் போகுது. கோயிலு பாறைய மறச்சுருச்சு. வேம்பு பூதத்த மறைக்கல, தொந்தி ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு நிக்குது. “வயித்த எக்கு!”ன்னு கத்துனா ராக்கு. பூதம், ஹ்ம்ம்ம்க்னு எக்குச்சு. மறஞ்சுருச்சு. “இங்கதான், முங்குங்க தாத்தா.”

சோணை முங்குனாரு. டுபுக். கையில சேறு. மறுபடியும் டுபுக். கையில தாமரைக் கொடி. மூணாந்தடவ முங்குனவரு வரவே இல்ல. ராக்கு தண்ணியவே பாத்துக்கிட்டிருக்கா. அப்போ அடியில கடகடகடன்னு ஒரு சத்தம். சோணை தலைய வெளிய நீட்டுனாரு. தண்ணி சுழிச்சு உள்ள எறங்குது, குடுகுடுகுடுன்னு.

ராக்கு வீட்டுக்கு ஓடுனா. கட்டில் காலு வரைக்கும் ஏறுன தண்ணி வாசலத் தாண்டி எறங்கிப் போச்சு. பாப்பா பால் குடிச்சுக்கிட்டிருக்கான், என்ன நடந்துச்சுன்னே அவனுக்குத் தெரியாது. அவளப் பாத்ததும் ஆத்தாவுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அவளும் அழுதா. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக ஒழுக, ரொம்ப நேரம் அழுதா.

தூங்கிட்டியா?

“இல்ல. ம்.”

மறுநா சோணை வந்தாரு. “எனக்கும் வயசாகுது. அந்தப் பாட்ட நீ ஒருக்காச் சொல்லு தாயி, கேப்போம்”னாரு. ராக்கு வாயத் தொறந்தா. பனைய... பனைய... கோயிலு... வரல. அவ புத்திதான் ஓட்டப் பானையாச்சே. நேத்து ஆத்தாளையும் தம்பியையும் காப்பாத்துன பாட்டு, இன்னிக்கு வாயில இல்ல. தம்பியத் திரும்பிப் பாத்தா. அவன் வெரல சூப்பிக்கிட்டுத் தூங்குறான்.

எந்திரிச்சு நேரா புளியமரத்தடிக்குப் போனா. பூதத்துக்கிட்ட, “பாட்டச் சொல்லிக் குடு”ன்னா. அம்பது வருசமா மரத்தடியில கேட்ட பாட்டு, கக்குனாலும் அதுக்கு மறக்கல. வெயில் சாயற வரைக்கும் ஒக்காந்து சொன்னா. தப்புத் தப்பாச் சொன்னா, தலையில கொட்டிக்கிட்டுத் திரும்பவும் சொன்னா. யாரும் அவ காதத் திருகல. அவளாத்தான் ஒக்காந்தா.

குப்பாண்டி வாத்தியாரு அந்தப் பக்கமா வந்தாரு. ராக்கு நெட்டுரு போடுறதப் பாத்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்லு. “அப்படி வா வழிக்கு”ன்னு சொல்ல வந்தாரு. அதுக்குள்ள பக்கத்துல இருந்த பூதம் குனிஞ்சு அவரு மூஞ்சிக்கு நேரா வந்து, “சார், ஏழெட்டு ஏன் சார் அம்பத்தாறு?”ன்னுச்சு. மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எடுத்தாரு பாரு ஓட்டம். பூதம் பின்னாடியே போச்சு, “ஏன் சார், எதுக்கு சார்”னு. ராக்கு தலையத் தூக்கிக் கூடப் பாக்கல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, பனைய வேம்பு மறைக்கணும், பாறையக் கோயில் மறைக்கணும்.

“அத்த, அப்ப நான் மனப்பாடம் பண்ணணுமா, வேணாமா?”

அத ராக்குகிட்டப் போய்க் கேளு, என்ன ஏன் கேக்குற. கண்மாய் வடிஞ்சுச்சு, கதையும் வடிஞ்சுச்சு. கண்ண மூடிக்க.