தரையில் பழுத்த பழத்தின் பெயர்

"பெத்தவங்க பேரு ஒரு பங்கு, தாங்கினவங்க பேரு..." என்று என் பெரியப்பா பேச்சுவாக்கில் ஒன்று சொல்வார். மீதி நினைவில்லை. முக்கால் பங்கா, மூன்று பங்கா? கேட்டுத் தெளிய இப்போது அவர் இல்லை. அதோடு சேர்த்து அவர் சொன்ன கதை மட்டும் நினைவிருக்கிறது.

செடிகொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு பெயர் ஒருவருக்குத்தான். குடும்பப் பெயரைப் பகிர்ந்துகொள்ளலாம். சொந்தப் பெயரை இன்னொருவர் சூட முடியாது. பெயர் வைக்கும் பொறுப்பு நாவுடையார் என்ற ஒரே மனிதரிடம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மலை மலையாக நடந்து வருவார். பழுத்த பழத்தைக் கண்ணால் கண்டால்தான் பெயர். மூன்று வருடம் வந்தும் அவர் பெயர் வைக்காத செடியை மண் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ஏழு கடலுக்கு அப்பால், ஒரு குளிர்மலைச் சரிவில் அப்படியொரு செடி இருந்தது. சாண் உயரம். நூல் போலக் காம்பு. காய் கனத்ததும் தரையைத் தொட்டுவிடும், ஈரத்தில் அழுகிவிடும். இரண்டு வருடம் நாவுடையார் குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பக்கத்து முட்புதர்களில் உயரத் தொங்கிய பழங்களுக்கு 'பெரி' என்று குடும்பப் பெயர். தரையில் புரள்கிறவளுக்குப் பெயர் ஒரு கேடா என்று அவை சிரித்தன.

மூன்றாம் வருடம், மேல்வயலில் கதிரடித்துப் போட்ட வைக்கோல் ஒரு கற்றை காற்றில் உருண்டு வந்து செடியடியில் விழுந்தது. ஏன் இப்படி வாடியிருக்கிறாய் என்று அது கேட்க, செடி எல்லாவற்றையும் சொன்னது.

"மணியக் குடுத்தாச்சு. சும்மாதான் கெடக்கேன். எம்மேல சாஞ்சுக்க, தாயி" என்றது வைக்கோல்.

ஒன்பது நாள் மழை. மண்ணின் ஈரத்தையெல்லாம் வைக்கோலே குடித்தது. அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. காயை மட்டும் இறக்கிவிடவில்லை.

பத்தாம் நாள் காலை வெயில் வந்தது. பழம் பழுத்தது. அந்த மலை அதுவரை கண்டிராத சிவப்பு. தாழ்ந்து நின்ற மேகத்தின் அடிவயிற்றில்கூட அந்தச் சிவப்பு படிந்தது. மேனியெங்கும் வைக்கோலின் பதர்கள் பொன்பொட்டுகளாக ஒட்டியிருந்தன. வாசம் சரிவு முழுக்க இறங்கியது. காகங்கள் கத்துவதை நிறுத்தின. மேலேறி வந்த நாவுடையார் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

என்ன பெயர் வேண்டும் என்று கேட்டார்.

"என்னத் தாங்கினவர் பேரு."

நாவுடையார் கறுத்துக் கிடந்த வைக்கோலைப் பார்த்தார். அந்த நாட்டில் அதற்குப் பெயர் 'ஸ்ட்ரா'.

"அவளுக்கே குடுத்துருங்க, ஐயா. இன்னும் பத்து நாள்ல நான் மண்ணு. மண்ணுக்கு எதுக்குப் பேரு?" என்றது வைக்கோல்.

"அண்ணன்கிட்டருந்து பறிச்சு எனக்கு வேணாம். ரெண்டு பேருக்கும் இருக்கட்டும். இல்லன்னா நான் அழுகியே போறேன்" என்றது பழம்.

புதர்ப் பழங்கள் சலசலத்தன. மூத்தது ஒன்று கேட்டே விட்டது: "ஓய் நாவுடையாரே, ஒரு பேர ரெண்டு பேருக்குச் சொன்ன நாக்கு அப்புறம் பேர் வைக்கக் கூடாது. அந்த உரிமை ஊர் வாய்க்குப் போயிரும். நீரு வச்ச சட்டம்தானே?"

அவர் வைத்த சட்டம்தான். ஈர மண்ணில் உட்கார்ந்தார். பழத்தின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். வைக்கோல் இற்றுப்போயிருந்தது, ஆனாலும் தாங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஸ்ட்ராபெரி."

மலை அதைத் திருப்பிச் சொன்னது. பழமும் வைக்கோலும் ஒரே குரலில், "இருக்கேன்" என்றன.

அன்று தொடங்கியதுதான், ஸ்ட்ராபெரிச் செடியின் அடியில் மனிதர்கள் வைக்கோல் விரிப்பது. ஒருவர் பெயரை இன்னொருவர் சூடுவதும், தாத்தாவின் பெயரைக் கூப்பிட்டால் பேரன் திரும்பிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.

நாவுடையார் அதன்பின் யாருக்கும் பெயர் வைக்கவில்லை.