வாரேன் என்ற சொல்

உலகம்மை சொற்களுக்குப் பொருள் சொல்லித் தருகிறவர். அவரிடம் பாடம் கேட்ட வீரபாகு கோட்டை வாசலில் முப்பது வருசம் காவல் நின்று ஓய்ந்தவர். குருவைவிட மூத்தவர் என்பதால் குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார்.

ஒருநாள் வீரபாகு, நம்பிக்கை என்ற சொல் எங்கே பிறந்தது என்று கேட்டார்.

"வாசப்படியில," என்றார் உலகம்மை.

வீரபாகுவுக்குச் சிரிப்பு வந்தது. தான் நின்ற வாசல் வழியாகச் சண்டைக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை, அங்கேயா பிறந்தது என்றார்.

"அங்கேயேதான்."

மேற்கொண்டு கேட்பதற்குள் அரண்மனை ஆள் வந்துவிட்டான். ஊர்க்குளத்தில் எல்லாச் சாதியும் தண்ணீர் எடுக்கலாம் என்று உலகம்மை பேசியது பாளையக்காரர் காதுக்குப் போயிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் தலை இருக்காது.

கோட்டை வாசலில் ஊரே கூடியது. பாளையக்காரரும் வந்திருந்தார். விரட்டுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். குருவின் காலில் புண் இருந்ததால் மாட்டுவண்டி ஒன்று பூட்டி நிறுத்தச் சொல்லியிருந்தார். வெளியே ஒரு பொட்டு நிழல் இல்லாத பொட்டல் கிடந்தது.

உலகம்மை ஊராரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"போயிட்டு வாரேன்."

பாளையக்காரர் முகம் கறுத்தது. வருவதாகச் சொல்ல உனக்கு உரிமை இல்லை, போகிறேன் என்று மட்டும் சொல் என்றார். சொன்னால் வண்டி, இல்லாவிட்டால் நடை.

வீரபாகு குருவிடம் கெஞ்சினார். ஒரு சொல்தானே, சொல்லிவிட்டு ஏறுங்கள் என்றார். அந்தக் காலோடு பொட்டலைக் கடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

உலகம்மை பாளையக்காரரிடம் திரும்பினார்.

"போன வருசம் உங்க மகன் சண்டைக்குப் புறப்பட்டாரே ராசா, பெத்த தாய்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனார்?"

அந்த மகன் திரும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"போயிட்டு வாரேன்னு சொன்னார். நானும் இங்கதான் நின்னேன். அவர் சொன்னது பொய்யா?"

பாளையக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, மாட்டை அவிழ்க்கச் சொன்னார்.

அப்போது மாடத்தி என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குளத்துப் படியை மிதிக்கக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட தெருக்காரி. விடைபெறுகிறவருக்கு ஊர் சொல்ல வேண்டிய பதிலை அவள்தான் சொன்னாள்.

"போயிட்டு வாங்கம்மா."

காவலர்கள் அவளைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். விழுந்த இடத்திலிருந்தே அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

குருவும் சீடரும் நடந்தார்கள். மறுநாள் உச்சிவெயிலில் உலகம்மையால் முடியவில்லை. இலையில்லாத ஒரு வேலமரத்தடியில் சாய்ந்துவிட்டார். கால் வீங்கியிருந்தது, உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. குடுவையில் இருந்த கடைசித் தண்ணீரை அவர் வாயில் ஊற்றிய வீரபாகுவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வண்டியும் போச்சு, காலும் போச்சு. கண்ணு முன்னால கிடக்கதைப் பார்க்காம இருக்கதுக்குப் பேருதான் நம்பிக்கையாம்மா?"

"எல்லாத்தையும் பார்த்தேன் அண்ணாச்சி. இந்தப் பொட்டலைப் பார்த்தேன், பாளையக்காரர் வாளைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

வீரபாகு மனதில் இருந்ததை மறைக்காமல் கேட்டார்.

"இந்த மரத்தடியிலேயே உங்க உயிர் போயிட்டா, மாடத்திக்கு நான் என்ன பதில் சொல்ல?"

உலகம்மை கையை ஊன்றி நகர்ந்து, ஊர் இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"'உலகம்மை வந்துக்கிட்டு இருக்கா'ன்னு சொல்லுங்க."