ஒன்பது நாளாகக் கட்டிய மாலை

"நீங்க சொன்ன வழி எனக்குப் பலிக்கலைம்மா," என்றான் மாசிலாமணி.

செங்கமலத்தம்மை அவன் மடியைப் பார்த்தாள். ஒரு முழம்கூட இல்லாத மாலை. காம்பு நைந்த பூக்கள்.

குளக்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் மூன்றே பேர். குருவான அம்மை. அவளைவிடப் பத்து வயது மூத்த சீடன் மாசிலாமணி. கண் பார்வை இல்லாத கூத்தர்.

தினமும் காலையில் கூத்தரைக் கைபிடித்துக் குளத்தில் இறக்கிவிடுவது மாசிலாமணியின் வேலை. ஏழு வருடமாகச் செய்து வந்தான். கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் அந்த ஒரு நாழிகைதான் கூத்தருக்கு அன்றைய நாளிலேயே பெரிய சந்தோஷம்.

ஒருநாள் மேல்படியில் நிற்கும்போது மாசிலாமணிக்கு ஒரு நினைப்பு வந்தது.

இவரைத் தள்ளிவிட்டால்?

மறுநாளும் வந்தது. உள்ளங்கை வேர்த்தது. தன் கையைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. அம்மையிடம் வந்து சொல்லி அழுதான்.

"சும்மா உட்கார்ந்திருந்தா மனசு அதையே சுத்தும்," என்றாள் அம்மை. "சாமிக்குப் பூக் கட்டு."

அது ஒன்பது நாளுக்கு முன்பு.

"கட்டினியா?" என்று இப்போது கேட்டாள்.

"விடிஞ்சதிலேருந்து இருட்டுற வரைக்கும் கட்டுறேன்."

"மாலை எங்கே?"

அவன் மடியிலிருந்த பூக்களை ஒதுக்கினான்.

"கட்டும்போது அந்த நினைப்பு வந்துட்டா அவிழ்த்துடறேன். மறுபடி முதல்லேருந்து. நினைப்பே வராம ஒரு மாலை முடிச்சுட்டா, அப்புறம் அவரைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

"சாமி ஒன்பது நாளா வெறுங்கழுத்தோட நிக்குது."

"ஆமாம்மா."

"கூத்தர்?"

"கொல்லையில ரெண்டு செம்பு ஊத்திக்கிறார்."

"பார்த்தியா?"

"சத்தம் கேட்டேன். அவர் இருக்கிற பக்கம் நான் போறதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் சாப்பிட வர்றேன்."

அம்மை கீழே அவிழ்ந்து கிடந்த நாரை எடுத்துச் சுருட்டினாள்.

"நான் தள்ள மாட்டேன்னு ஒரு தடவை சொல்லுங்கம்மா. அது போதும்."

"முந்தாநாள் சொன்னேனே."

"சொன்னீங்க."

"எவ்வளவு நேரம் தாங்கிச்சு?"

அவன் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல வரவில்லை.

"அந்தத் தூண் வரைக்கும்."

தூண் எட்டடி தள்ளி இருந்தது.

"இல்லைன்னா நான் இந்த மடத்தை விட்டே போயிடறேன்," என்றான். "அவருக்கு அதுதான் நல்லது."

அம்மை அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கட்டு."

அவன் இரண்டு நந்தியாவட்டையை எடுத்து வைத்து நாரைச் சுற்றினான். பிறகு இரண்டு. அதற்கடுத்த முடிச்சில் அவன் முகம் மாறியது. விரல்கள் அதை அவிழ்க்கப் போயின.

அம்மை அந்த முடிச்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இன்னொரு கையால் இரண்டு பூவை நீட்டினாள்.

"அம்மா, இதுல அது இருக்கு."

முடிச்சின் மேலிருந்த கை நகரவில்லை. பூ நீட்டிய கையும் இறங்கவில்லை.

வெளியே மீன்கொத்தி இரண்டு முறை கத்தியது.

அவன் பூவை வாங்கினான். கட்டினான். மறுபடி வந்தது. கட்டினான். நடுவில் கொஞ்ச நேரம், அரளிக்குப் பக்கத்தில் துளசி வைக்கலாமா மரிக்கொழுந்து வைக்கலாமா என்று யோசித்தான். துளசி வைத்தான். பிறகு மறுபடி வந்தது.

வெயில் ஏறுவதற்குள் மாலை முடிந்துவிட்டது.

"போயிடுச்சா?" என்றாள் அம்மை.

"இல்லம்மா. இருக்கு."

அவள் மாலையைக் கொண்டுபோய்ச் சாமிக்குச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கூத்தரே, குளத்துக்குக் கிளம்புங்க."

"துண்டை எடுக்கணுமா, இல்லை இன்னைக்கும் வெறும் பேச்சுதானா?" என்று கொல்லையிலிருந்து பதில் வந்தது.

மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. "இது கொஞ்சம் அடங்கட்டும்மா. இன்னும் ஒரே ஒரு மாலை கட்டிட்டு..."

அம்மை கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பூ தீர்ந்துபோச்சு."

*

குளத்தில் மொத்தம் பதினோரு படி. மாசிலாமணி கூத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் இறங்கினான்.

"யோவ், இது கையா, ஈரத்துணியா?"

மாசிலாமணி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான்.

"ஒன்பது நாள் என்ன செஞ்சேன்னு கேட்க மாட்டியா? கொல்லையில ஒரு தவளையோட சிநேகமாயிட்டேன். உன்னைவிட நல்லாப் பேசுது."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடி இரண்டு படி இறங்கிவிட்டான். நாலாவது படியில் அது வந்தது. கால் நின்றுவிட்டது.

"என்னய்யா?"

"உங்களைத் தள்ளிவிட்டுடுவேனோன்னு ஒரு நினைப்பு வருது. அதான் இத்தனை நாளா வரலை."

கூத்தர் தன் முகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"இப்பவும் இருக்கா?"

"இருக்கு."

கூத்தர் ஒரு காலை நீட்டி, கீழ்ப்படியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கே பாசி ஏறிக் கிடக்கு," என்றார். "என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க. நீ விழுந்து வைக்காதே."