கஸ்பார் தொட்டுப் பார்த்த பற்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது என் ஓரகத்தி சலேத்தம்மாள். என் கடைசி மகன் வேலைக்கென்று ஊரை விட்டுப் போன வருஷம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போது சொன்னாள்.

தூத்துக்குடியில் மீரான் என்று ஒரு கார் மெக்கானிக். முப்பது வயசுதான். அவனிடம் தொழில் படிக்க வந்து சேர்ந்தவர் கஸ்பார். அவருக்கு ஐம்பத்துநாலு. இருபத்தாறு வருஷம் உப்பு லாரி ஓட்டினவர். முதுகெலும்பு போய்விட்டது, இனி லாரி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் காலையில் கஸ்பார் வந்து நின்றார்.

"மேஸ்திரி, நாளையில இருந்து நான் வரல."

"ஏன் அண்ணாச்சி?"

"அந்த நர்ஸம்மா கார் மறுபடியும் வந்துட்டு. சாவியைத் திருப்பினா அதே சத்தம். ஆட்டுக்கல்லுல ஆணியைப் போட்டு ஆட்டுன மாதிரி. செல்ஃப் மோட்டாரையே ரெண்டு தடவை மாத்திட்டேன். போல்ட்டை இறுக்கியாச்சு, பேட்டரியும் பாத்தாச்சு. எனக்கு இது வராது. தேஞ்சுபோன ஆளு நான். விட்டுருங்க."

மீரான் டீயைக் குடித்து முடித்தான்.

"போறது போறிய. அந்தக் காரை ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிட்டுப் போங்க."

கஸ்பார் சாவியைத் திருப்பினார். கரகரவென்ற சத்தத்தில் நிழலில் கிடந்த நாய் எழுந்து போனது.

"அணைங்க. டாப் கியர்ல போட்டுட்டு, இறங்கித் தள்ளுங்க."

"ஓடுற வண்டியைத் தள்ளவா?"

"அரைச் சாண் போதும்."

"இதுக்குத்தான் இந்த வயசுல தொழில் படிக்க வந்தேனாக்கும்" என்று முனகிக்கொண்டே கஸ்பார் தள்ளினார்.

"இப்ப நியூட்ரல்ல போட்டுத் திருப்புங்க."

தூங்கின பிள்ளை கண் விழிப்பதுபோல என்ஜின் எழுந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"என்ன செஞ்சிய மேஸ்திரி?"

"நான் எங்க செஞ்சேன்? நீங்கதானே தள்ளுனிய."

அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். கரகர.

கஸ்பார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் இரண்டு பேருமாகக் கியர்பாக்ஸை இறக்கினார்கள். உள்ளே இருந்த என்ஜினின் பெரிய சக்கரத்தையும் கழற்றி எடுத்தார்கள். அதன் விளிம்பில் ஓர் இரும்பு வளையம், சுற்றிலும் நூற்றுக்கு மேல் பற்கள். செல்ஃப் மோட்டார் இந்தப் பற்களைக் கடித்துச் சுழற்றினால்தான் என்ஜின் எழும்.

"தடவிப் பாருங்க."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நாலைந்து பற்கள் மழுங்கிக் கிடந்தன. அதற்கு நேர் எதிரே இன்னும் நாலைந்து. அவ்வளவுதான். மற்றதெல்லாம் கூர் மங்காமல் புதுசாகவே இருந்தது.

"இங்க மட்டும் ஏன்?"

"அணைச்சதும் என்ஜின் சுத்தி வந்து இந்த ரெண்டு இடத்துல ஒண்ணுலதான் நிக்கும். பதினஞ்சு வருஷமா அப்படித்தான். மோட்டார் கடிக்கிறதும் அங்கயேதான்."

"அங்கதான் நிக்கணும்னு அதுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

கஸ்பார் பீடத்துக்கு முன்னால் நிற்பவர்போல நின்றார்.

"அப்ப புது வளையம் வாங்கணும்."

"எதுக்கு? சூடு காட்டித் தட்டுனா கழண்டு வரும். கால் வட்டம் திருப்பிப் போட்டா, காலையில நீங்க தள்ளுனப்ப வந்த மாதிரி, இதுவரை கடிபடாத பல்லு மோட்டாருக்கு நேரா வந்துரும்."

கஸ்பாரின் விரல் வளையத்தை விட்டு எழவில்லை.

"இந்தப் பல்லெல்லாம் இத்தனை வருஷமா என்னதான் செஞ்சுக்கிட்டு இருந்துது மேஸ்திரி?"

"கூடவே சுத்திக்கிட்டு இருந்துது அண்ணாச்சி."

கஸ்பார் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தீயைப் பத்த வைங்க. நான் திருப்புதேன்."

கேட்ட நீங்கள் அந்த இரண்டு பேருக்காகவும் ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிடுங்கள்.