குழவிக்குச் சமமான பூனை

குத்துக்கல்பட்டியில் விறகுக்கடை வைத்திருந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொல்கிறேன், சிரிக்காமல் கேட்க வேண்டும். மூத்தவன் தளவாய், நடுவன் ஆவுடை, இளையவன் பூவலிங்கம். ஆள் ஒவ்வொருவனும் தேக்குமரம்தான். புத்தியை மட்டும் ஆண்டவன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றாகக் கொடுத்துவிட்டான். அது யாரிடம் இருக்கிறது என்பதில் வீட்டுக்குள் இன்றுவரை தகராறு.

மூவருக்கும் பொங்கிப் போடுகிறவள் அக்கா கோமு. அக்காவுக்கு உயிர், பவுனு என்கிற பூனை. மகள் பிரசவத்துக்கு வெளியூர் கிளம்பும்போது, பவுனை விறகுத் தராசின் ஒரு தட்டில் உட்கார வைத்து, மறு தட்டில் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். முள் நட்டநடுவே நின்றது.

"ஏலே, நல்லாப் பாத்துக்கிடுங்க. நான் வரும்போதும் முள்ளு இப்படித்தான் நிக்கணும். எம் பூனை இம்மி இளைச்சிருந்தாலும் உங்களுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது."

அக்கா கிடையாது என்றால் கிடையாதுதான். மூன்று பேரும் விறகுக்கடைக்காரர்களே தவிர, அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"சமைக்கத் தெரியாட்டிப் பச்சைக் கறியாவே குடுங்க," என்றார் டாக்டர் எஸ்தர். "ஆனா வெறுங்கறி பத்தாது. பூனை எலியைப் பிடிச்சா எலும்பு, ஈரல், இதயம்னு முழுசாத் திங்கும். எல்லாச் சத்தும் அதுல இருக்கு. நீங்க வாங்குற கோழிக்கறியில அது இல்ல. அதனால இந்தச் சத்துப்பொடி, முட்டை ஓட்டுத் தூள், ரெண்டு சொட்டு மீன் எண்ணெய் சேக்கணும். பூனை எடைக்குத் தக்கபடி சேருங்க. கறி ஜில்லுன்னு இருக்கக்கூடாது, உடம்புச் சூட்டுல இருக்கணும்."

வீட்டுக்கு வந்து ஆலோசனை நடந்தது.

"எடைக்குத் தக்கபடின்னா என்னண்ணே?" என்றான் பூவலிங்கம்.

"துலாபாரம்லே," என்றான் தளவாய். "கோயில்ல பிள்ளையை ஒரு தட்டுல வச்சு, மறு தட்டுல வெல்லம் வைக்காங்கல்லா? அதேதான்."

பவுனு ஒரு தட்டில் ஏறியது. டாக்டர் கொடுத்த பொடியில் பாதியை மறு தட்டில் கொட்டினார்கள். தட்டு அசையவே இல்லை. முட்டை ஓட்டால் ஈடுகட்டலாம் என்று கடைக்கடையாக முட்டை வாங்கி வந்தார்கள். ஓடு வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை யாராவது குடிக்க வேண்டுமே! மூன்று பேரும் குடித்தார்கள். குடித்துக் குடித்து, ஏப்பம் விட்டு விட்டு, ஓட்டை இடித்து இடித்துக் கொட்டினார்கள். தூள் மலையாய்க் குவிந்தது. அதன் தலையில் மீன் எண்ணெயை ஊற்றினார்கள். பூனைத்தட்டு மெல்ல மேலே எழும்பும் நேரம், பவுனு மீன் வாசத்துக்கு ஒரே தாவாய்த் தாவி, தூள் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆவுடை தலையில் கைவைத்தான். "போச்சு! மருந்துக்குப் பூனை கூடிப்போச்சே."

அடுத்த பிரச்சினை சூடு.

"உடம்புச் சூடுன்னாங்க. யார் உடம்புன்னு சொல்லலையே," என்றான் பூவலிங்கம்.

"வீட்டுக்கு மூத்தவன் நான் இருக்கும்போது இதெல்லாம் ஒரு கேள்வியாலே?" என்றான் தளவாய். கோழிக்கறியை வயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையும் போட்டுக்கொண்டான். அன்று அவன் போன இடமெல்லாம் ஊர்நாய்கள் பின்னாலேயே வந்தன. எவ்வளவு மரியாதை என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. சாயங்காலம் கறிக்குச் சூடும் வந்தது, நாற்றமும் வந்தது. பவுனு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"என் சூடு அதுக்கு ஆகலையாம்," என்று தளவாய் அழவே ஆரம்பித்துவிட்டான்.

பாவம், பவுனு நாளுக்கு நாள் இளைத்தது. கடைசியில் பூவலிங்கத்துக்குத்தான் மூளை வேலை செய்தது. அதாவது, அன்றைக்கு அது அவனிடம் இருந்தது.

"எலியில எல்லாச் சத்தும் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா? எலியையே குடுப்போம்."

விறகு அடுக்கில் பொறி வைத்து ஓர் எலியைப் பிடித்தார்கள். ஆவுடை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எலும்பும் தோலுமா இருக்கு. இதுல ஏதுலே சத்து? முதல்ல இதைத் தேத்துவோம்."

மீதிச் சத்துப்பொடி, மீன் எண்ணெய், கோழிக்கறி எல்லாம் எலிக்கூண்டுக்குள் போயின. எலி உருண்டு திரண்டு, மினுமினுவென்று ஆனது. பவுனு கூண்டைப் பிராண்டும்போதெல்லாம், "கொஞ்சம் பொறுடி, உன் சாப்பாடு இன்னும் தயாராகலை," என்று ஆவுடை விரட்டிவிட்டான்.

அக்கா வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பூனையைத் தராசில் ஏற்றினாள். குழவித்தட்டு சடக்கென்று தாழ்ந்தது. அக்காவின் முகம் சிவந்தது. தளவாய் காலில் விழுந்தான்.

"பதறாதக்கா," என்று பூவலிங்கம் கூண்டைக் கொண்டுவந்தான். "உன் பூனைகிட்ட குறைஞ்சது எங்கயும் போயிடலை. இதுக்குள்ளதான் சேத்து வச்சிருக்கோம்."

எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பூனைத்தட்டில் வைத்தான். முள் நட்டநடுவே நின்றது. கோமுவும் அவர்களோடு பிறந்தவள்தானே! முகம் மலர்ந்துவிட்டது.

"சமமாத்தான் இருக்கு. வாங்கலே, சோறு போடுதேன்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பவுனு எலியை விழுங்கிவிட்டது.

"ஐயோ, எலி போச்சே!" என்று அலறினான் ஆவுடை.

"போயிருந்தா முள்ளு சாயணும்லா? அப்படியே நிக்கே," என்றான் தளவாய்.

"அப்ப எலி தட்டுலதான் இருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் தெரியலை," என்றான் பூவலிங்கம்.

அடியில் இருக்கிறதா என்று பார்க்கப் பூனையைத் தூக்கினார்கள். தட்டு விர்ரென்று மேலே போனது.

"எலி இறங்கி ஓடிட்டு!"

பூனையைத் திரும்ப வைத்தார்கள். முள் நடுவுக்கு வந்தது.

"வந்துட்டு, வந்துட்டு!"

தூக்கினால் எலி போகிறது, வைத்தால் வருகிறது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பவுனு மேல இம்புட்டுப் பாசமா அதுக்கு!" என்று தம்பிமார் மூவருக்கும் இலை போட்டு, எலிக்கும் ஓர் இலை போட்டு, சுடச்சுடச் சோறும் குழம்பும் பரிமாறினாள்.

மூன்று பேரும் இலை முன்னால் எச்சில் ஊற உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்தாளி வந்து உட்காருமுன் வீட்டுக்காரர்கள் சோற்றில் கைவைப்பது மரியாதை இல்லையாம்.