கிரகணம் விட்ட பிறகும் நின்ற உலக்கை

“காத்தாயி கைக்கா சாவி போகப்போகுது?” என்று குரு அம்மையாரிடம் கேட்டார் சீடர் திருமேனிநாதர்.

மறுநாள் விடியலில் அம்மையார் காசிக்குப் புறப்படுகிறார். திரும்பி வரும் எண்ணம் இல்லை. மடத்துச் சாவி யாருக்கு என்று அன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

காத்தாயி மடத்தில் சமையலைப் பார்க்கும் இன்னொரு சீடர்.

“அவளுக்குக் காலையில ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு அழுகை. நான் இங்க வந்ததிலிருந்து குரல் உசத்தி யாராவது கேட்டதுண்டா அம்மா?”

“இல்லை ஐயா.” குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

“முகம் சுளிச்சு?”

“அதுவும் இல்லை.”

“அப்புறம் என்ன யோசனை?”

“உலக்கை விழட்டும். சொல்றேன்.”

அன்று சூரிய கிரகணம். வழக்கப்படி முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் நீர் ஊற்றி, நடுவே உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியவர் திருமேனிநாதர்தான். வேறு யாருக்கும் அந்தக் கை நிதானம் வராது. கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பது ஊரறிந்த சேதி.

கிரகணம் விட்டது. வெயில் பழையபடி அடித்தது. எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். சோறும் வெந்துவிட்டது.

உலக்கை நின்றது.

“என்னம்மா இது, விழ மாட்டேங்குதே,” என்றாள் காத்தாயி. “ஐயா நிறுத்தினா அதுக்கும் ஐயா குணந்தான் வரும்போல.”

திருமேனிநாதர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அம்மையார் எழுந்து வந்து, உலக்கையை ஒற்றை விரலால் சுண்டினார்.

தாம்பாளம் அதிர்ந்து நீர் சிதறியது. உலக்கை முற்றத்தில் உருண்டது.

“கிரகணமா பிடிச்சு வச்சிருந்தது? நின்னதென்னவோ நிஜம். யாரும் தொடலை, அவ்வளவுதான்,” என்றார்.

பிறகு பாதி நீர் இருந்த மண்பானையை அதன் வைக்கோல் புரிமணையிலிருந்து தூக்கி, வெறுந்தரையில் வைத்துத் தள்ளினார். உருண்டை அடிகொண்ட பானை அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது. தளும்பிக் கொஞ்சம் சிந்தியது. அப்புறம் நின்றது.

“சாவி?” என்றார் திருமேனிநாதர்.

“முதல்ல சாப்பிடலாம் ஐயா.”

பந்தியில் தூணோரப் பலகை திருமேனிநாதருடையது. அப்படி யாரும் சொன்னதில்லை. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததும் இல்லை.

“காத்தாயி, இன்னிக்கு நீ அந்தப் பலகையில உட்காரு,” என்றார் அம்மையார்.

அவள் உட்கார்ந்தாள்.

“எந்திரிடி நாயே.”

யார் சொன்னது என்று திருமேனிநாதரே திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அவர் கை ஓங்கியிருந்தது. மிதித்து வந்த இலை காலடியில் கிழிந்து கிடந்தது.



“யாரு நாயி? ஒரு பலகைக்கா இந்தப் பாடு? உமக்குத் தினம் உப்புப் போட்டு வடிச்சுக் கொட்டுறவ நான்,” என்று கத்தினாள் காத்தாயி. கண் கலங்கியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கிழிந்த இலையைப் பார்த்தாள். பிறகு எழுந்து பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உக்காருங்க ஐயா, பசி வேளை. வேற இலை கொண்டாரேன்.”

அம்மையார் இடுப்புச் சாவியை அவிழ்த்துக் காத்தாயியின் இலையோரம் வைத்தார்.

திருமேனிநாதர் சாவியைப் பார்க்கவில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோல ஓங்கிய தம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கையை இறக்குங்க ஐயா.”

“எப்படி அம்மா?” என்றார் அவர்.