மின்மினிக்குக் காத்திருந்த தேவாங்கு

ஒரு காட்டில் குளிர் பொல்லாததாக இருந்தது. அங்கே ஒரு காட்டுப்பன்றி மண்ணைக் கிண்டி நிலக்கரி எடுத்தது. விலங்குகள் எல்லாம் கிழங்கைக் கொடுத்துக் கரியை வாங்கிப்போய், குகைக்குள் எரித்துக் குளிர் காய்ந்தன. சுகமாகத்தான் இருந்தது. ஆனால் புகை மட்டும் காட்டைவிட்டுப் போகவே இல்லை.

புகை தாங்காமல் மின்மினிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மற்றவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. தேவாங்குக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தி சாய்ந்ததும் மருதமரத்தில் மொய்க்கும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தது அது. இப்போது தினமும் வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் யானை ராசாவிடம் போய், "ராசா, புகை நின்னாத்தான் என் மின்மினி திரும்பி வரும்" என்று அழுதது.

யானைக்கு இளகின மனசு. யாரையும் நோகடிக்கத் தெரியாது. "அடுத்த பௌர்ணமி வந்ததும் கரிப்பள்ளத்தை மூடிடணும்! அப்புறம் எல்லாரும் வெயில்ல காஞ்ச கல்லை உருட்டிட்டு வந்து குகையில வெச்சுக் குளிர் காயுங்க" என்று ஆணையிட்டது.

பன்றி சும்மா இருக்குமா? "பௌர்ணமி வர்றதுக்குள்ள முடிஞ்ச மட்டும் தோண்டிடணும்!" என்று கூடுதலாக இன்னொரு பள்ளமும் வெட்டியது. கரி மலையாகக் குவிந்தது. குகை வாசலுக்கே கரி வரும்போது கல்லை உருட்ட யாருக்கு உடம்பு வணங்கும்? புகை முன்னைவிட அதிகமானது.

தேவாங்கு இருமிக்கொண்டே மறுபடி வந்தது. "நாளைக்கு மூடுறேன்னு சொன்னீங்க ராசா. அதனாலதான் இன்னைக்கே எல்லாரும் அள்ளுறாங்க."

யானைக்கு வெட்கமாகிவிட்டது. நேரே பள்ளத்துக்குப் போனது. "பன்றி, இப்பவே நிறுத்து!"

"அப்போ என் வயித்துப்பாடு?"

"கல்லைப் பெயர்க்க உன் கோரைப்பல்லை விட்டா வேற யாரு இருக்கா? வெயில் கல்லைக் குகைக்குக் குகை கொண்டுபோய்ப் போடு. கரிக்குக் கொடுத்த கிழங்கைக் கல்லுக்குக் கொடுப்பாங்க."

பன்றி முணுமுணுத்துக்கொண்டே கல் பெயர்த்தது. குகைகள் கதகதப்பாயின. புகையும் மெல்லக் குறைந்தது.

ஒரு அந்தியில் தூரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் மினுங்கியது. "வந்துடுச்சு!" நடக்கவே சோம்பும் தேவாங்கு விழுந்தடித்து ஓடியது. போய்ப் பார்த்தால், பன்றி அவசர அவசரமாகக் குவித்த கரிதான் உள்ளுக்குள் தானாகவே சூடேறிக் கனன்றுகொண்டிருந்தது. தேவாங்கு அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

பன்றி ஓடிவந்து மண்ணைத் தள்ளி நெருப்பை மூடியது. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"மின்மினி எப்படி இருக்கும்?" என்று கேட்டது. தரையையே பார்த்துத் தோண்டிய பன்றி அதைக் கண்டதே இல்லை.

தேவாங்கு சொன்னது. கேட்கக் கேட்கப் பன்றிக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து மருதமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மின்மினி இன்னும் வரவில்லை.

நீதி: தடையை நாளைக்குத் தள்ளிப்போட்டால் கேடு இன்றைக்கே பெருகும், நிறுத்தச் சொல்லும்போதே மாற்று வழியையும் கையில் கொடுக்க வேண்டும்.